ஒற்றை விரலால் உலகை ஆட்டியவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பாட்டு கேட்காத மாணவர் நம் கல்லூரியில் ஒருவரும் இலர். பேருந்தில் கேட்கிறோம், தேநீர்க் கடையில் கேட்கிறோம், தேர்வுக்கு முதல் நாள் இரவில் விடுதி அறையிலும் கேட்கிறோம். பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் முதலில் பாடியவரைப் புகழ்கிறோம். அடுத்து இசை அமைத்தவரைப் புகழ்கிறோம். எழுதிய கவிஞரையும் சிலர் மறவாமல் குறிப்பிடுவர். ஆனால் அந்தப் பாட்டின் அடியில், காதுக்கு எட்டியும் எட்டாமலும், நெஞ்சுக்கூட்டில் தட்டுவதுபோல ஓர் ஒலி ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதை எழுப்பியவர் யார் என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா?

அந்த ஒலிக்குப் பேஸ் என்று பெயர். தாளத்தையும் சுரத்தையும் ஒன்றாகக் கட்டி வைப்பது அதுவே. அதை எடுத்துவிட்டால் பாட்டு, கடைக்கால் இல்லாத வீடாகிவிடும். நம் திரைப்பாடல்களிலும் 1970களுக்குப் பின் பேஸ் கிதார் பெரிய இடத்தைப் பெற்றது. பல பாடல்களில் அது பாடகருக்குக் கீழே தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போவதைக் கூர்ந்து கேட்பவர் உணர்வர்.

அவ்வாறு பேஸ் கிதாரைப் பாடவைத்த முன்னோடிகளில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் ஜேம்ஸ் ஜேமர்சன். உலகெங்கும் பேஸ் வாசிப்போர் இன்று தங்கள் ஆசானாகப் போற்றும் பெயர் அது. அவர் வாசித்த பாடல்களைக் கோடிக்கணக்கான மக்கள் கேட்டு மகிழ்ந்த காலத்தில், அவர் பெயரை அறிந்தவர்களோ மிகச் சிலர். அவருடைய வாழ்க்கையையும், அவர் கையாண்ட கருவிகளையும் பற்றிச் சுருக்கமாக எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் தென்பகுதியில் தென் கரோலினா என்றொரு மாநிலம் உண்டு. அங்கே சார்ல்ஸ்டன் நகருக்கு அருகில் எடிஸ்டோ தீவு உள்ளது. அத்தீவில் 1936 ஜனவரி 29ஆம் நாள் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் ஜேமர்சன் பிறந்தார். வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி என்று சட்டமே மக்களைப் பிரித்து வைத்திருந்த காலம் அது. பெற்றோர் பிரிந்துவிட்டனர். சிறுவனை வளர்த்தவர்களில் பாட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. பாட்டியார் பியானோ வாசிப்பார். அத்தை தேவாலயப் பாடற்குழுவில் பாடுவார். வீட்டிலேயே இசை இருந்தது. சிறுவன் ஜேம்ஸும் பியானோவில் தேர்ச்சி பெற்றான்.

அவருடைய இளமையைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். ஒரு குச்சியில் ரப்பர் வளையத்தை இழுத்துக் கட்டி, அதை எறும்புப் புற்றருகே ஊன்றி, விரலால் சுண்டுவானாம் சிறுவன். அதிர்வு மண்ணில் இறங்க, எறும்புகள் அங்குமிங்கும் ஓடுமாம். எறும்புகளை ஆடவைத்துவிட்டதாகச் சிறுவனுக்கு மகிழ்ச்சி. இருபது ஆண்டு கழித்து அதே சுண்டு விளையாட்டால் மனிதர்களை ஆடவைக்கப் போகிறோம் என்று அவன் அன்று அறிந்திருக்க மாட்டான்.

அந்நாளில் தென்பகுதிக் கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கே சென்றுகொண்டிருந்தனர். ஜேமர்சனின் தாயாரும் அவ்வாறே கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட் நகருக்குச் சென்றார். 1954ஆம் ஆண்டு மகனும் தாயிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதுதான் டபுள் பேஸ் என்னும் பெருங்கருவி அவர் கைக்கு வந்தது. ரே பிரௌன், பால் சேம்பர்ஸ், பெர்சி ஹீத் ஆகிய ஜாஸ் இசைக் கலைஞர்களின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். ஜெர்மனியில் செய்யப்பட்ட டபுள் பேஸ் ஒன்றையும் பதின்பருவத்திலேயே சொந்தமாக வாங்கிவிட்டார். பள்ளி நாட்களிலேயே டெட்ராய்ட் நகர மன்றங்களில் இரவு நேரங்களில் வாசிக்கத் தொடங்கினார்.

ஆளுயரக் கருவி

டபுள் பேஸ் என்பது வயலின் குடும்பத்தின் மூத்த அண்ணன். உயரம் ஏறத்தாழ 180 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 10 கிலோ. நின்றுகொண்டு, மார்போடு அணைத்து வாசிக்க வேண்டும். வில்லாலும் வாசிக்கலாம்; விரலாலும் சுண்டலாம். தந்திகள் நான்கு. அவற்றுள் மிகத் தாழ்ந்த தந்தியின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். மற்ற மூன்றும் முறையே 55, 73.4, 98 ஹெர்ட்ஸ்.

இந்த 41.2 ஹெர்ட்ஸ் என்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். ஒலியின் திசைவேகத்தை நொடிக்கு 343 மீட்டர் என்று கொண்டு கணக்கிட்டால், இதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகமாக வருகிறது. இவ்வளவு நீண்ட அலையைக் காற்றில் வலுவாக எழுப்ப வேண்டுமானால் அதிரும் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். எனவேதான் அந்தக் கருவி அவ்வளவு பெரிதாக இருக்கிறது. பெரிதாக இருந்தும் என்ன பயன்? பக்கத்தில் எக்காளங்களும் முரசுகளும் மின்கிதாரும் முழங்கினால் டபுள் பேஸின் ஒலி அவற்றுக்குள் அமிழ்ந்துவிடும். வாசிப்பவர் விரல் புண்ணாகும் அளவுக்கு இழுத்துச் சுண்டினாலும் பின்வரிசையில் இருப்பவருக்குக் கேட்காது.

ஊர் ஊராகச் சென்று வாசிப்பவருக்கு இன்னொரு துன்பமும் உண்டு. இதைக் காரில் ஏற்ற முடியாது. கூரைமேல் கட்ட வேண்டும். மழையும் வெயிலும் குளிரும் மரத்தைப் பிளக்கும். சிறு இடி பட்டாலும் கழுத்து உடையும். அதற்குச் செப்பம் பார்க்கும் செலவில் ஒரு வாரக் கூலி போய்விடும்.

பலகையில் பிறந்த பேஸ்

இத்துன்பங்களுக்கு விடை கண்டவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். கணக்கியல் படித்தவர், வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர், கிதார் வாசிக்கத் தெரியாதவர். ஆயினும் வாசிப்பவர்களின் குறையைப் பொறுமையாகக் கேட்டறிந்தார். 1951ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் என்னும் கருவி, இசையுலகில் ஒரு திருப்பம்.

அதில் காற்றறை கிடையாது. திண்ணிய மரப்பலகைதான் உடல். உருக்குத் தந்திகளுக்குக் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப் ஒன்று இருக்கும். தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது; சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. மைக்கேல் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதி, நாம் வகுப்பில் படிப்பது, இங்கே இசையாகிறது. ஒலியைப் பெரிதாக்கும் வேலை ஆம்ப்ளிஃபையருக்குப் போய்விட்டதால், கருவி பெரிதாக இருக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. தந்தியின் நீளமும் ஏறத்தாழ 105 சென்டிமீட்டரிலிருந்து 86 சென்டிமீட்டராகக் குறைந்தது. எடை நான்கு கிலோ அளவே. வீணையில் உள்ளதுபோல மெட்டுகள் பதிக்கப்பட்டதால் சுரம் பிசகாது. பிரிசிஷன், அதாவது துல்லியம், என்னும் பெயரே அதனால்தான் வந்தது.

தந்திகள் நான்கும் டபுள் பேஸின் அதே சுருதியில் அமைக்கப்பட்டன. இது மிக முக்கியம். டபுள் பேஸ் கற்றவர் தாம் கற்ற கல்வியை இழக்காமல் புதுக் கருவிக்கு வரலாம்; வேண்டும்போது பழையதற்குத் திரும்பலாம். லயனல் ஹாம்ப்டன் குழுவில் வாசித்த மங்க் மான்ட்கோமரி 1950களின் தொடக்கத்திலேயே இவ்வாறு மாறியவர். ஆனால் ஜாஸ் கலைஞர் பலர் முகம் சுளித்தனர். இது பேஸ் அன்று, விளையாட்டுப் பொருள் என்பதே அவர்கள் எண்ணம்.

ஜேமர்சனும் தொடக்கத்தில் தயங்கியவர்தாம். சக பேஸ் கலைஞர் ஒருவரிடமிருந்து 1957ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ் ஒன்று அவரிடம் வந்தது. கறுப்பு வண்ணம் பூசப்பட்ட அதைக் கறுப்பழகி என்று பொருள்படும் பெயரிட்டு அழைத்தனர். 1960ஆம் ஆண்டு வாக்கில் மின்பேஸே அவருடைய முதற்கருவி ஆயிற்று. ஆயினும் டபுள் பேஸை அவர் கைவிடவில்லை. மார்த்தா அண்டு தி வாண்டெல்லாஸ் குழுவினரின் ஹீட் வேவ் (1963), மேரி வெல்ஸ் பாடிய மை கை (1964) ஆகிய புகழ்பெற்ற பாடல்களில் அந்தப் பழைய ஜெர்மன் டபுள் பேஸ்தான் ஒலிக்கிறது.

பாம்புக் குழி

டெட்ராய்ட் நகரில் பெரி கோர்டி என்றொரு இளைஞர் இருந்தார். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1959ஆம் ஆண்டு குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கார் நகரமாகிய மோட்டார் டவுன் என்பதன் சுருக்கமே மோட்டவுன். மேற்கு கிராண்டு பூலவார்டு சாலையில் 2648ஆம் எண்ணுள்ள ஒரு சாதாரண வீடுதான் அலுவலகம். அதனோடு சேர்ந்த சிறு கூடமே ஒலிப்பதிவு நிலையம். கூரையிலிருந்து கம்பிகள் பாம்புகளைப்போல் தொங்கியதால் கலைஞர்கள் அதைப் பாம்புக் குழி என்று அழைத்தனர்.

அக்குழியில் பகலிரவாக வாசித்த குழுவினருக்கு ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். பியானோவில் எர்ல் வான் டைக், முரசில் பென்னி பெஞ்சமின், கிதாரில் ராபர்ட் ஒயிட், எடி வில்லிஸ், ஜோ மெசினா ஆகியோர் அதில் இருந்தனர். பெரும்பாலோர் ஜாஸ் மன்றங்களில் பழகியவர்கள். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், ஸ்டீவி ஒண்டர், மார்வின் கே என்று பாடுபவர்கள் மாறுவர்; பின்னே வாசிப்பவர்கள் இவர்களே.

பெரும்பாலான வேளைகளில் ஜேமர்சனுக்கு முன் வைக்கப்படுவது ஒரு தாள். அதில் சுரக்கூட்டுகளின் பெயர் மட்டுமே இருக்கும். எந்தச் சுரத்தை எப்போது, எந்த நடையில் வாசிப்பது என்பது அவருடைய சொந்தக் கற்பனை. அதுவரை பேஸ் என்றால் ஒன்று, ஐந்து, ஒன்று, ஐந்து என்று சுரத்தை மாற்றி மாற்றி அடிப்பதே வழக்கம். ஜேமர்சன் ஜாஸ் கலைஞரின் காதோடு அதற்குள் புகுந்தார். இடைப்பட்ட சுரங்களில் நடந்தார்; தாளம் விழும் இடத்தைச் சற்று முந்தினார்; சற்றுப் பிந்தினார்; சில இடத்தில் மௌனம் காத்தார். டெம்ப்டேஷன்ஸ் பாடிய மை கேர்ள் (1964) பாடலின் தொடக்கத்தில் சில சுரங்களே கொண்ட எளிய இதயத் துடிப்பு கேட்கும். ஃபோர் டாப்ஸ் பாடிய பெர்னடெட் (1967) பாடலில் ஆற்று வெள்ளம்போல் ஓடும் நடை கேட்கும். இரண்டும் ஒருவர் கைவண்ணமே. எங்கே அடங்க வேண்டும், எங்கே பாய வேண்டும் என்று அறிந்த கலைஞர் அவர். அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த அவருடைய பாடல்கள் இருபதுக்கும் மேற்பட்டவை.

அழுக்கேறிய தந்தியும் ஒற்றை விரலும்

கறுப்பழகி களவு போயிற்று. அடுத்து வாங்கியதும் களவு போயிற்று. அதன்பின் வந்த 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ்தான் கடைசி வரை அவருடன் இருந்தது. அதற்கு ஃபங்க் மெஷின் என்று பெயர். அதன் அமைப்பை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். டபுள் பேஸின் உயிரை மின்பேஸுக்குள் கொண்டுவர அந்த அமைப்பு எல்லா வகையிலும் உதவியது.

முதலாவது, தந்தி. லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தந்திகள். வெளிச்சுற்று தட்டையான நாடாவால் ஆனவை. உருண்டைக் கம்பி சுற்றிய தந்தியைப்போல் இவை கணீரென்று ஒலிப்பதில்லை. அறுந்தாலன்றி அவர் தந்தியை மாற்றவே மாட்டார். வியர்வையும் அழுக்கும் ஏறிய தந்தியில் உயர்ந்த மேற்சுரங்கள் விரைவில் தணிந்துவிடும். அடிப்படை அதிர்வெண் மட்டும் நிறைவாக நிற்கும்.

இரண்டாவது, குதிரையை மூடியிருந்த உலோக மூடிக்குள் ஒட்டிய பஞ்சுத் துண்டு. அது தந்தியை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும். சுண்டியதும் ஒலி எழும், உடனே அடங்கும். டபுள் பேஸில் விரலால் சுண்டும்போது கேட்கும் தும் என்ற குறுகிய ஒலி இதனால்தான் கிடைத்தது.

மூன்றாவது, தந்திக்கும் மெட்டுக்கும் இடையே உள்ள உயரம். பிறர் வாசிக்கவே இயலாத அளவுக்கு அதை உயர்த்தி வைத்திருந்தார். டபுள் பேஸ் பழகி உரமேறிய கைகளுக்கு அது தடையாகத் தெரியவில்லை. வலுவாகச் சுண்டினாலும் தந்தி மெட்டில் மோதிச் சலசலக்காது.

நான்காவது, அவருடைய விரல். இக்காலப் பேஸ் கலைஞர் பலர் வலக்கையின் இரண்டு விரல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவர். ஜேமர்சன் சுட்டுவிரல் ஒன்றையே பயன்படுத்தினார். அதற்குக் கொக்கி என்றே பெயர் வந்துவிட்டது. டபுள் பேஸ் சுண்டும் பழக்கத்தை அப்படியே மின்பேஸுக்குக் கொண்டுவந்தவர் அவர். வெறுந்தந்திகளை இடையிடையே தொட்டுச் செல்லும் முறையும் அங்கிருந்து வந்ததே.

ஒலிப்பதிவு நிலையத்தில் அவர் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையர் வைத்துக்கொள்வதில்லை. பேஸும் கிதார்களும் நேரே ஒலிப்பதிவுப் பலகையில் இணைக்கப்பட்டன. இடையில் ஒலிவாங்கியும் இல்லை, கூடத்தின் எதிரொலியும் இல்லை. எனவே விரல் செய்தது அப்படியே நாடாவில் பதிந்தது.

இரு கருவி ஏந்துவோர்

பகலில் மோட்டவுன், இரவில் ஜாஸ் மன்றம். இரண்டு கருவிகளையும் வாசித்துப் பிழைப்பவரின் தேவைகள் தனியானவை. மேடையில் அவருக்கு உதவியவற்றுள் ஒன்று ஆம்பெக் நிறுவனத்தின் பி-15 என்னும் ஆம்ப்ளிஃபையர்.

இந்நிறுவனத்தைத் தொடங்கிய எவரெட் ஹல் தாமே டபுள் பேஸ் கலைஞர். அக்கருவி தரையில் ஊன்றும் கோலை உள்ளே நீட்டி, அதன்மேல் சிறு ஒலிவாங்கியைப் பொருத்தி, ஒலியைப் பெருக்கும் வழியை 1940களில் கண்டார். அந்தக் கோலின் ஆங்கிலப் பெயரே நிறுவனத்தின் பெயரிலும் இடம் பெற்றது. 1960ஆம் ஆண்டு வந்த பி-15இல் 15 அங்குல ஒலிபெருக்கி இருந்தது. திறன் ஏறத்தாழ 25 வாட்டுதான். வேலை முடிந்ததும் மேற்பகுதியைத் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம். தூக்கிச் செல்பவரின் முதுகை நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

ஒரே ஆம்ப்ளிஃபையரில் இரண்டு கருவிகளையும் வாசிப்பதில் உள்ள இடர்ப்பாடு என்ன? மின்பேஸில் இருப்பது காந்தப் பிக்கப். இன்று டபுள் பேஸின் குதிரையில் பொருத்துவதோ பெரும்பாலும் அழுத்தத்தால் மின்சாரம் தரும் பியசோ படிகம். இப்படிகம் மின்சுற்றில் ஒரு சிறு மின்தேக்கியைப்போல நடந்துகொள்ளும். அதன் மின்தேக்குத் திறன் 1 நானோஃபாரட் என்றும், ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுத் தடை 1 மெகா ஓம் என்றும் கொள்வோம். இவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 159 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை வெட்டிவிடும். நான்கு வெறுந்தந்திகளின் அடிப்படை அதிர்வெண்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன! வாசிப்பவர் பேஸ் வாசிக்க, கேட்பவர் காதில் தகர ஒலி விழும். தடையை 10 மெகா ஓம் ஆக்கினால் வெட்டும் எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். முழு ஒலியும் கிடைக்கும். இரு கருவி வாசிக்கும் இன்றைய கலைஞர் படிகத்துக்கென உயர்ந்த உள்ளீட்டுத் தடையுள்ள முன்பெருக்கி ஒன்றை உடன் கொண்டுசெல்வது இதனால்தான்.

வேறு தேவைகளும் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒலியளவுத் திருகு வேண்டும். இல்லையேல் கருவி மாற்றும்போது ஒன்று இடிபோல் முழங்கும், மற்றொன்று முணுமுணுக்கும். டபுள் பேஸின் காற்றறை, ஒலிபெருக்கியின் ஒலிக்கு ஒத்ததிர்ந்து ஊளையிடும். அதைத் தடுக்க ஒலிபெருக்கியைச் சற்று விலக்கியும் கருவியின் பின்புறம் படாமலும் வைக்க வேண்டும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே சில நொடிகளே கிடைக்கும் என்பதால், மின்பேஸுக்குக் கைக்கெட்டும் தொலைவில் ஒரு தாங்கி வேண்டும். கேட்பவர் அறியாத இத்தனை ஏற்பாடுகளின் மேல்தான் ஒரு மாலை நேர இசை நிற்கிறது.

பெயரில்லாப் புகழ்

இனி, இவ்வரலாற்றின் வருத்தமான பகுதிக்கு வருவோம்.

மோட்டவுன் இசைத்தட்டுகளின் உறையில் பாடகர் படம் இருக்கும். பாட்டு எழுதியவர் பெயர் இருக்கும். தயாரித்தவர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் இராது. பாட்டு எத்தனை இலட்சம் விற்றாலும் வாசித்தவருக்கு அதில் பங்கு இல்லை. வாசித்த வேலைக்கு மட்டுமே கூலி. பிற்காலத்தில் நிறுவனம் ஜேமர்சனுக்கு வாரம் 1,000 டாலர் வரை கொடுத்தது என்பதையும் மறைக்கலாகாது. அது நல்ல ஊதியமே. ஆயினும் ஊதியம் வேறு, உரிமை வேறு. இரண்டும் வேறு, பெயர் வேறு.

என் தந்தையார் கொத்தனார். எங்கள் வட்டாரத்தில் அவர் கைபட்டு எழுந்த கட்டடங்கள் பல உண்டு. ஒவ்வொன்றிலும் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். அடிக்கல் நாட்டியவர் பெயர் உண்டு. திறந்துவைத்தவர் பெயர் உண்டு. அந்தக் கல்வெட்டைச் சுவரில் பதித்ததும் என் தந்தையார்தாம். அவருக்கு அதில் உள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. ஜேமர்சனின் வரலாற்றைப் படிக்கும்போது இச்செய்தி எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை.

1971ஆம் ஆண்டு வந்தது மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன் என்னும் இசைத்தொகுப்பு. வியட்நாம் போரையும் நகர வறுமையையும் பாடிய அத்தொகுப்பு மோட்டவுனின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதன் தலைப்புப் பாடலுக்கு ஜேமர்சனே வாசிக்க வேண்டும் என்று கே விரும்பினார்; ஒரு மன்றத்தில் வாசித்துக்கொண்டிருந்த அவரைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவந்தார் என்பர். மதுவின் மயக்கத்தில் நாற்காலியில் உட்கார முடியாமல், தரையில் மல்லாந்து படுத்தபடியே அவர் வாசித்து முடித்தார் என்றும் கூறுவர். அவ்வாறு பிறந்த பேஸ் நடையை இன்றும் மாணவர்கள் பாடமாகப் பயில்கின்றனர். அத்தொகுப்பின் உறையில்தான் முதன்முறையாக, தனிப் பாராட்டுடன், ஜேமர்சனின் பெயர் அச்சேறியது. அவர் மோட்டவுனில் வாசிக்கத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சரிவு

மேற்கண்ட நிகழ்ச்சியே அவருடைய பகைவன் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. மதுப் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டிருந்தது. கலைஞன் என்றால் குடிப்பான் என்று சிலர் சமாதானம் சொல்வர். அது பெரும் பிழை. மதுவால் அவர் வாசிப்பு உயரவில்லை. உயர்ந்த வாசிப்பை மது சிறிது சிறிதாக அரித்தது என்பதே உண்மை.

1972ஆம் ஆண்டு மோட்டவுன் நிறுவனம் டெட்ராய்ட் நகரை விட்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு இடம் பெயர்ந்தது. பாம்புக் குழியின் தோழர்கள் சிதறினர். ஜேமர்சனும் 1973இல் லாஸ் ஏஞ்சலிஸ் சென்றார். நிறுவனத்தோடு அவருக்கிருந்த உறவு அவ்வாண்டோடு முடிந்தது. பிற நிறுவனங்களின் பாடல்களில் சில காலம் வாசித்தார். ஹியூஸ் கார்ப்பரேஷன் குழுவினரின் ராக் த போட் (1974) அவற்றுள் ஒன்று.

ஆனால் காலம் மாறிவிட்டது. புதுத்தந்தியின் கணீர் ஒலியை வேண்டினர். கட்டைவிரலால் அறையும் புதுப்பாணியை வேண்டினர். எழுதிக்கொடுத்ததை எழுதியபடி வாசிப்பவரை வேண்டினர். ஜேமர்சன் தம் பழைய தந்தியையும் பழைய முறையையும் விடவில்லை. உடல்நலமும் குன்றியது. அழைப்புகள் குறைந்தன.

1983ஆம் ஆண்டு மார்ச் மாதம், மோட்டவுன் தொடங்கி இருபத்தைந்து ஆண்டு ஆனதைக் கொண்டாடும் பெருவிழா கலிபோர்னியாவிலுள்ள பசடீனாவில் நடந்தது. ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. கள்ளச் சந்தையில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்து, தாம் வாசித்த பாடல்களைப் பிறர் வாசிக்கக் கேட்டுவிட்டு வந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர்.

அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், கல்லீரல் நோயும் அதன் தொடர்பான கேடுகளும் முற்றி, ஜேமர்சன் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். வயது 47. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவருடைய ஃபங்க் மெஷின் களவு போயிருந்தது. உடல் டெட்ராய்டுக்குக் கொண்டுவரப்பட்டு, உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மறைவுக்குப் பின்

வாழும்போது மறுக்கப்பட்ட பெயர், மறைந்த பின் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. 1989ஆம் ஆண்டு ஆலன் ஸ்லட்ஸ்கி என்பவர் ஜேமர்சனின் வாழ்க்கையையும் அவருடைய பேஸ் நடைகளையும் திரட்டி ஒரு நூலாக வெளியிட்டார். பால் மெக்கார்ட்னி போன்ற உலகப் புகழ்பெற்ற பேஸ் கலைஞர்கள் தங்கள் கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். 2000ஆம் ஆண்டு ராக் அண்டு ரோல் புகழ் மண்டபத்தில், பின்னணிக் கலைஞர்களுக்கென அவ்வாண்டு ஏற்பட்ட பிரிவில், ஜேமர்சன் சேர்க்கப்பட்டார். 2002ஆம் ஆண்டு ஃபங்க் பிரதர்ஸ் குழுவைப் பற்றிய ஆவணப்படம் வெளிவந்தது. எஞ்சியிருந்த முதியவர்கள் மீண்டும் மேடை ஏறினர். 2004இல் அக்குழுவுக்கு கிராமி அமைப்பின் வாழ்நாள் சாதனை விருது கிடைத்தது. பாம்புக் குழி இருந்த வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இவற்றில் ஒன்றையும் காண ஜேமர்சன் இல்லை. எனினும் அவர் மகனும் பேஸ் கலைஞராக விளங்கித் தந்தையின் கலையைத் தொடர்ந்தார் என்பது ஓர் ஆறுதல்.

முடிவுரை

ஜேமர்சனின் வாழ்க்கையிலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று. புதியது வந்தபோது பழையதை வெறுக்காமல், பழைய கருவியில் கற்ற கல்வியைப் புதிய கருவிக்குள் கொண்டுவந்து வளர்த்தது ஒன்று. கருவி எளியதாயினும் அதன் இயல்பை அறிந்து தன் குரலாக ஆக்கிக்கொண்டது மற்றொன்று. மது ஒன்று போதும், எத்தகைய ஆற்றலையும் பாதி வழியில் வீழ்த்திவிடும் என்பது மூன்றாவது. இது எச்சரிக்கையாக நாம் கொள்ள வேண்டியது.

இவற்றோடு, கேட்பவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் கல்லூரி விழா மேடையில் பாடுபவருக்குக் கைதட்டுகிறோம். பின்னால் நின்று வாசிப்பவர் பெயரையும், கம்பி இழுத்து ஒலிபெருக்கி கட்டியவர் பெயரையும் ஒருமுறை ஒலிவாங்கியில் சொல்வதற்கு அரை நிமிடம் கூட ஆகாது. வரும் ஆண்டு விழாவில் இருந்தேனும் இவ்வழக்கத்தைத் தொடங்குமாறு நம் மாணவர் மன்றத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.